பூஜ்யத்துக்கு இடப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை பல்லடத்தில் தறிச்சத்தம் பாதிதான்.
போர்ட்டிகோவில் பானெட்டைத் திறந்து வைத்திருக்கிறேன்.
பார்சலில் வந்தது ஒரு கறுப்பு வட்டம், ஒரு முள்,
இரண்டு மீட்டர் ரப்பர் குழாய்,
சீன எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு.

வாரம் ஆறு நாள் எனக்குக் கம்ப்ரசர் ரூம்.
ஏர்ஜெட் தறிக்குக் காற்று ஆறு பார் குறையக் கூடாது.
குறைந்தால் ஊடை பாதி வழியில் விழும்,
அப்புறம் முதலாளி என் மேல் விழுவார்.
பதினோரு முள்ளைப் பார்த்துப் பழகியவன்
சொந்தக் காரில் மட்டும்
எவ்வளவு அழுத்தம் என்று தெரியாமல் ஓட்டுவது
கண்ணைக் கட்டிக்கொண்டு மீன் தின்கிற மாதிரி.

கார் செகண்ட் ஹேண்ட். ஒரு லிட்டர், மூணு சிலிண்டர், டர்போ.
ஏலச்சீட்டு எடுத்த பணம்.
சீட்டு பூங்கோதை பேரில்.
அவளிடம் சொன்னது வாங்கின பிறகு.
இன்றோடு ஒன்பது நாள்.
சாப்பாடு வருகிறது, பேச்சு வருவதில்லை.
உப்பு, காரம் எல்லாம் சரியாகவே இருக்கிறது,
அதுதான் பயம்.

மேனிஃபோல்டிலிருந்து போகிற சின்னக் குழாயில்
பிளேடை வைத்ததும் கை ஒருமுறை நின்றது.
நல்லா ஓடுகிற வண்டி.
வெட்டினேன். டி வைத்து, கிளிப் போட்டு, இழுத்துப் பார்த்தேன்.
அசையவில்லை.

இனி உள்ளே போக வேண்டும்.
இஞ்சினுக்கும் மனுசனுக்கும் நடுவில் ஒரு தகரச் சுவர்.
வயர்க்கட்டு நுழைகிற ரப்பர் வளையத்தில்
சைக்கிள் கம்பியைக் காய்ச்சி ஓட்டை போட்டுக்
குழாயைத் திணித்தேன்.
அந்தப்பக்கம் போய்ப் பார்த்தால் வரவில்லை.
இந்தப்பக்கம் வந்து தள்ளினால் மடங்குகிறது.
அந்தப்பக்கம். இந்தப்பக்கம்.
நாலாவது தடவை நிமிர்ந்தபோது
டிரைவர் பக்கக் கதவுக்கு வெளியே இரண்டு பாதம்,
மீதி ஆள் பெடலுக்கு அடியில்.

"தள்ளுங்க."

தள்ளினேன்.
"வருதா?"
"இன்னுங் கொஞ்சம்."
"இப்ப?"
"வந்துருச்சுங்க. இழுக்கட்டுங்களா?"
தகரத்துக்கு அந்தப்பக்கம் அவள் இழுக்க
என் விரலிடுக்கில் குழாய் வழுக்கிக்கொண்டு போனது,
ஊடை போகிற மாதிரி.

விளக்கு எரியவில்லை.
எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தேன்.
சுரண்டி, வெறும் இரும்பில் வைத்ததும் எரிந்தது.

சாவியைத் திருப்பினாள்.
முள் நேராக இடப்பக்கம் சாய்ந்தது.
"பூஜ்யத்துக்குக் கீழ போகுது. கெட்டுப்போச்சுங்களா?"
"இல்ல. சும்மா நிக்கறப்ப இஞ்சின் உறிஞ்சும்.
மிதிச்சாத்தான் மேல வரும்."
"நின்னுக்கிட்டே உறிஞ்சுமா," என்றாள்.
காரைப் பற்றித்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

குண்டடம் போகிற ரோடு. ஆடிக்காற்றில்
காற்றாலைகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் சுற்றின.
மூணாவது கியரில் மிதித்தேன்.
முள் எழுந்து, பூஜ்யம் தாண்டி,
அரை பாரில் நின்றுவிட்டது.
எட்டுக்கு வர வேண்டும்.
திரும்ப மிதித்தேன். அரை.
"எங்கியோ ஒழுகுது."
"ஆமாங்க, ஸ்ஸ்ஸுன்னு ஒரு சத்தம்.
மொத நாளே கேட்டுச்சு."
"சொல்லவே இல்லியே?"
"நீங்க கேக்கவே இல்லீங்களே."

வேப்பமரத்தோரம் நிறுத்தி பானெட்டைத் தூக்கினோம்.
அவள் போனில் டார்ச் பிடித்து,
பெரிய குழாயின் கழுத்துக்கு நேராக விரலை நீட்டினாள்.
கிளிப் தளர்ந்து கிடந்தது.
திருப்புளியில் மூன்று சுற்று. கை சுட்டது.

"சாவியக் குடுங்க. நான் மிதிக்கறேன்,
நீங்க முள்ளப் பாருங்க."

பார்த்துக்கொண்டு வந்தேன்.
ஆறு. ஏழு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஒரு நடுக்கம்.
ரோட்டைவிட்டுக் கண்ணெடுக்காமல்
"சீட்டு இன்னும் பதினாலு மாசம் கட்டோணும்" என்றாள்.
எட்டு என்றேன்.